மட்டை அளக்கிற மோராக்

“உள்ளோரத்துல பட்டிருக்கு” என்கிறாள் மோராக் டல்லக், ஓட்ஸ் ரொட்டியைக் கடித்தபடி. பந்தை அடித்தவர் வெளியே புல்வெளியில் நிற்கிறார். இவளோ கடைக்குள், திறந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாருடைய கோல்ஃப் மட்டைக்கோ பிடி மாற்றிக்கொண்டிருக்கிறாள். அடுத்த சத்தம் வருகிறது. “இது சரியாப் பட்டுச்சு. ஆனா மனுஷன் பயந்துக்கிட்டே அடிக்கிறார்.” வெளியே இருப்பவர் மட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். முதலில் பட்ட தடம் உள்ளோரத்தில்தான் இருக்கிறது. அதெல்லாம் காதுதானா, இல்லை வேறு ஏதாவதா என்று போர்ட்கேரி ஊரே இருபத்திரண்டு வருஷமாக வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

எங்கள் கிளப்பின் ‘புரோ’ அவள்தான். ஆட்டம் கற்றுக்கொடுப்பது, மட்டை விற்பது, பழுது பார்ப்பது எல்லாமே முதல் குழியை ஒட்டிய அந்தத் தகரக் கூரைக் கடையில். வயது ஐம்பத்து நான்கு. குட்டை உருவம், படகோட்டியின் தோள். காதில் ஒரு பென்சில், கொண்டையில் ஒரு பென்சில். இரண்டையும் மறந்துவிட்டு மூன்றாவதைத் தேடுவாள். கைபேசியை பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருப்பாள். “அது கத்துனா எனக்குப் பந்து கேக்காது” என்பாள். அவளுக்கு அவசரமாகச் சேதி சொல்ல வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும்.

மட்டை வாங்க வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டாள். மூலையில் ஒரு இரும்பு வாளி நிறையப் பந்துகள் இருக்கும். “அதைத் தூக்கிட்டு முன்னால போங்க.” அவ்வளவுதான் வரவேற்பு. வந்தவர் அந்தக் கனத்தைச் சுமந்து பயிற்சிப் புல்வெளிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய முழங்கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் பின்னால் வருகிறவள் படித்து முடித்திருப்பாள். போன வசந்தத்தில் கால்நடை மருத்துவர் லோரிமர் வந்தார், இருப்பதிலேயே விலை கூடின மட்டை வேண்டும் என்று. ஆறு பந்து அடித்ததும் மோராக் கேட்டாள்: “கண்ணாடியை எப்போ மாத்துனீங்க?” போன மாதம் என்றார் அவர். “ஆடும்போது பழசைப் போட்டுக்குங்க. மட்டை ஒண்ணும் வேணாம்.” அந்தக் கோடையில் லோரிமர் கோப்பையோடு வீட்டுக்குப் போனார். மருத்துவருக்கே மருத்துவம் பார்த்த மகராசி!

இணையத்தில் அதே மட்டை நாலில் ஒரு பங்கு மலிவு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கேட்டால் அவளே சொல்வாள். கடைக்கு வந்து நாலு மட்டையை வீசிப் பார்த்துவிட்டு, வெளியே காருக்குள் உட்கார்ந்து கைபேசியில் வாங்குகிற புண்ணியவான்களும் ஊரில் உண்டு. அது சரிப்படவில்லை என்று அவர்களே ஆறு மாதம் கழித்து அவளிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். முகத்தில் ஒரு கோணல் கிடையாது, வாங்கிச் சரி செய்வாள். “கூரியர்காரன் முதுகுதான் பாவம்” என்பதோடு சரி.

ஃபார்க்கர் கெட்டிஸ் அப்படிக் காருக்குள் உட்கார்ந்து வாங்கியவரில்லை. எழுபத்தோரு வயது, சரக்குக் கப்பலில் இயந்திர அறையை ஆண்டவர். முப்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் டூகல் என்கிற நண்பரோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறார். எங்கள் பக்கத்து ஜோடி ஆட்டத்தில் இருவருக்கும் ஒரே பந்து. இவர் அடித்து எங்கே போடுகிறாரோ அங்கிருந்து அவர் அடிக்க வேண்டும். போன இலையுதிர் காலத்திலிருந்து ஃபார்க்கரின் பந்து முன்னைப்போல் போகவில்லை. மட்டை பழசாகிவிட்டது என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஆனால் மோராக்கிடம் போனால் வாளியைத் தூக்கச் சொல்வாளே! அந்த நடையை அவள் பின்னாலிருந்து பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. சமையலறை மேசையில் கணினியைத் திறந்தார். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாராளமாகப் பதில் எழுதினார். நான்காம் நாள் தபால்காரர் ஆளுயரப் பெட்டியொன்றைத் துறைமுகத் தெரு முழுக்கச் சுமந்துகொண்டு போக, மாலைத் தேநீருக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து மனிதர் புல்வெட்டும் இயந்திரக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் பயிற்சிக்குப் போனார். புது மட்டை பளபளவென்று இருந்ததே தவிர, அடித்த பந்தெல்லாம் இடப்பக்கமே ஓடியது. எங்கள் முதல் குழியில் இடப்பக்கம் என்றால் கடல். “இன்னைக்கு மீனுக்கு எத்தனை முட்டை போட்டுட்டு வந்தே, கிழவா?” என்று மனைவி எஃபி கேட்பாள். போன சனிக்கிழமை ஏழு. டூகல் தொப்பியைச் சரி செய்துகொண்டு கடலைப் பார்த்து நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இனி டூகலையும் இழுத்துக்கொண்டு கீழே போகக் கூடாது, ஆட்டத்தையே விட்டுவிடுவது என்று அன்று ஃபார்க்கர் முடிவு செய்தார். விட்டபின் சனிக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

புதன்கிழமை காலை, சாரலுக்கு ஒதுங்கிய இரண்டு பேர் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஃபார்க்கர் தோளில் பையோடு வாசல் வழியாகவே வந்தார். லாக்கர் சாவியை மேசையில் வைத்தார்.

“வேற யாருக்காவது குடுத்துடு, பொண்ணே. எனக்கு வயசாயிடுச்சு.”

மோராக் ரொட்டியை விழுங்கினாள். “அந்த வாளியைத் தூக்கிட்டு முன்னால போங்க.”

“சாவி குடுக்கத்தானே வந்தேன்.”

“குடுத்துட்டீங்கல்ல. இப்ப வாளி.”

அவருடைய பையை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். புல்வெளியில் ஒரு பலகையைப் போட்டு, புது மட்டையின் அடியில் கறுப்பு டேப் ஒட்டி, பலகை மேல் நின்று அடிக்கச் சொன்னாள். பந்து வழக்கம்போல் கடலுக்குப் போயிற்று. அவள் பந்தைப் பார்க்கவில்லை. மட்டையைத் தலைகீழாகப் பிடித்து டேப்பைப் பார்த்தாள். பலகை உரசிய தடம் உள்ளோரத்தில் மட்டுமே இருந்தது. வெளிநுனி பலகையைத் தொடவேயில்லை. கடைக்குப் போய், துருப்பிடித்த பழைய மட்டை ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள்.

முதல் பந்து தரையோடு உருண்டது. இரண்டாவது எழும்பியது. எதிர்க்காற்றில் கொஞ்சம் நின்று, நேரே கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது. “அடி சக்கை!” என்று அவர் வாயிலிருந்து அவரையறியாமல் வந்தது. மூன்றாவதும் அங்கேயே போய் விழுந்தது. ஃபார்க்கர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரோட மட்டை இது?”

“மாத்தலாகிப் போன பாதிரியார் விட்டுட்டுப் போனது.”

“அந்தக் குள்ளனோடதா?”

“அவர் ஒண்ணும் குள்ளன் இல்ல. அஞ்சடி ஒம்பது.” காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தாள். “நெட்டுல உயரம் கேட்டிருப்பானே. என்ன போட்டீங்க?”

“ஆறடி ஒண்ணு.”

“அளந்தது யாரு?”

“கப்பல் கம்பெனி டாக்டர்.”

“எப்போ?”

அவர் கடல் பக்கம் பார்த்தார். “எழுபத்தி மூணுல.”

“எவ்வளவு தூரம் அடிப்பீங்கன்னும் கேட்டிருப்பான்.”

“நூத்தி எழுபது கஜம்னு போட்டேன்.”

“அதுவும் அந்த டாக்டர் சொன்னதுதானா?”

ஃபார்க்கர் சிரித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கண்ணில் தண்ணீரும் கூடவே வந்தது.

“விக்கிறவன் மேல தப்பு இல்ல” என்றாள் மோராக். “நீங்க சொன்ன ஆளுக்குச் சரியாத்தான் அனுப்பியிருக்கான். நல்ல மட்டை. உங்களுக்கு நீளம், அவ்வளவுதான். அதனாலதான் நுனி மேல தூக்கிக்கிட்டு பந்து இடப்பக்கம் போகுது.”

“உனக்கு எப்பத் தெரிஞ்சது?”

“போன மாசமே கேட்டுச்சு. நீங்க கொட்டகைக்குப் பின்னால போனீங்க. நான் எதுக்குக் கூப்பிடணும்?”

வெட்கமும் வியப்பும் அவருக்கு ஒன்றாக வந்தன. இத்தனை நாள் தாம் ஒளிந்ததாக நினைத்த இடத்தில் இவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், வாயைத் திறக்காமல்! ஊரில் யாராலாவது முடியுமா இது?

கடைக்குள் வந்ததும் அவள் அளவு நாடாவை எடுத்தாள். “தண்டை வெட்டி, தலையைக் கொஞ்சம் வளைச்சா சரியாயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடறேன், டூகல்கிட்ட வர்றேன்னு சொல்லிடுங்க. ஆனா வெட்டுன இரும்பை ஒட்ட முடியாது. மணிக்கட்டிலருந்து தரை வரைக்கும் எனக்குச் சரியான அளவு வேணும். நில்லுங்க.”

ஃபார்க்கர் நின்றார். மார்பு முன்னால் வந்தது, மோவாய் உயர்ந்தது, கப்பல் தளத்தில் கேப்டனுக்கு முன்னால் நிற்பதுபோல் விறைத்தார். தேநீர்க்காரர்கள் இருவரும் கோப்பைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்கள். மோராக் நாடாவை நீட்டவில்லை. “அவசரமில்ல” என்று சொல்லி, மேசைமேல் கிடந்த இரும்புத் துருவல்களைக் கையால் ஒதுக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஃபார்க்கர் பெஞ்சில் உட்கார்ந்து தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றிச் சுவரோரம் வைத்தார். தொப்பியை அதன் மேல் வைத்தார். குளிர்ந்த சிமெண்ட்டுத் தரையில் கம்பளிக் காலுறையோடு நின்று, பிடித்துவைத்திருந்த மூச்சை மெல்ல விட்டார். தோள்கள் இறங்கின. முதுகு அதன் இஷ்டப்படி வளைந்துகொண்டது. கைகள் எவ்வளவு கீழே தொங்க வேண்டுமோ அவ்வளவு தொங்கின.

“இப்ப அளந்துக்கோ” என்றார்.

மோராக் அவர் காலடியில் மண்டியிட்டு, நாடாவின் நுனியைத் தரையில் வைத்தாள்.