பானெட் மூடாத அமாவாசை

என் டைரியில் அந்தத் தேதிக்கு நேரே, "அமாவாசை. பானெட் மூடவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

என் பழைய காரின் கூலன்ட் டேங்க் விரிசல் விட்டிருந்தது. அந்த மாடலுக்குப் புது டேங்க் இப்போது கிடைப்பதில்லை. மறுநாள் விடியற்காலையில் அம்மாவை டயாலிசிஸுக்குப் புதுச்சேரி அழைத்துப் போக வேண்டும். அலுமினியத்தில் ஒரு டேங்க் செய்துகொள்ள, அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு, செஞ்சியில் அலுமினியம் வெல்டிங் செய்யும் ரஃபீக் பாயிடம் காரோடு ஓடினேன்.

எனக்கு முன்பே ஒரு வேன் நின்றது. மேல்மலையனூர் கோயிலில் அமாவாசை இரவு அம்மனுக்கு நடக்கும் ஊஞ்சல் பார்க்கப் போகிறவர்கள். வேனின் அடிச்சட்டத்தில் வெல்டிங் விட்டிருந்தது. என் அவசரத்தைக் கேட்டு, தங்கள் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

டேங்கைப் பொருத்தினோம். பானெட் மூடவில்லை. பானெட்டைத் திறந்து வைத்தே உயரத்தை அளந்திருக்கிறேன்!

"இன்னா சார், மூடிப் பாக்காமயா அளவு எடுத்த?" என்று வேன் டிரைவர் சிரித்தார்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "மேல அறுத்துட்டு மறுபடி ஒட்டணும். ஒரு மணி நேரம் ஆவும்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "முதல்ல வேனைப் பாருங்க பாய்" என்றேன்.

வேனிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "ஊஞ்சல் அடுத்த அமாவாசைக்கும் ஆடும்ணா. உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாளைக்குத்தான? முடிச்சிக்கினு போ."

மறுநாள் அம்மாவை நேரத்துக்குக் கொண்டு சேர்த்தேன். டேங்க் இன்றுவரை ஒழுகவில்லை. அவர்கள் எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒவ்வொரு அமாவாசையன்றும் அது உறுத்துகிறது. அன்று அவர்கள் ஊஞ்சலைப் பார்த்தார்களா என்பது இன்னும் எனக்கு உறுதியாகத் தெரியாது.