தடம் தெரியாமல் பூசிய சுவர்

சிலிபினில் இருந்த எங்கள் வீட்டை விற்பது என்று முடிவானதும் ஏஜண்ட் தம்பி வந்தான். நம்ம ஆள்தான், நெற்றியில் பட்டையாகத் திருநீறு. ஹாலுக்குள் நுழைந்து, சாமி மேடைக்கு முன்னால் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த மேடையை எடுத்துட்டா வீடு சீக்கிரம் போகும் லா."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மேடை நான் அடம்பிடித்துக் கட்டியது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது கிச்சன் கபினெட்கூட இல்லை, ஆனால் ஹால் சுவரோடு சேர்த்து டைல்ஸ் பதித்த மேடை இருந்தது. இரண்டு பக்கமும் குட்டித் தூண்கள், மேலே சின்னதாக ஒரு கோபுரம். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அங்கே முருகன் படம் பலகைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும், அடுப்புப் புகையில் முகமே தெரியாது. சொந்த வீடு என்று ஒன்று வந்தால் சாமிக்கு முதலில் இடம் என்று சின்ன வயதிலேயே மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். "சாமிக்கு வீடு கட்டிட்டு நாம ஓரமா படுத்துக்கலாம்," என்று என் வீட்டுக்காரர் அப்போது கிண்டல் செய்தார்.

"நம்மவங்க மட்டும் வந்து பார்த்தா போதுமா அக்கா?" என்றான் தம்பி. "சீனவங்க வரணும், மலாய்க்காரவங்க வரணும். வெள்ளையா, பிளேனா இருந்தா எல்லாருக்கும் பிடிக்கும். விக்கிறதும் செனாங், கஷ்டமே இல்ல."

எங்களுக்கு அவசரம் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கமுந்திங் தொழிற்சாலைக்கு மாற்றல். விடியும் முன்னே காரை எடுத்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஒரு நாள் நெடுஞ்சாலையில் கண்ணசந்து, கார் ஓரத் தடுப்பில் உரசி, பக்கக் கண்ணாடி உடைந்து வந்து நின்றார். அங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம், ஆனால் இது போனால்தான் அது வரும். அவர் திரும்பி வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும் வரை நான் ஹால் விளக்கை அணைக்க மாட்டேன்.

அதனால் சரி என்றேன். சாமி படங்களை எடுக்க ஒரு நல்ல நாள் பார்க்க வேண்டும், பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்களே! படங்களைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், பின்பக்க ஸ்டோர் ரூமில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் வரிசையாக நிறுத்தினேன். கண்டிராக்டர் வந்து மேடையை உடைத்தார். உடைத்த இடத்தைப் பூசும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு, "தடம் தெரியக்கூடாது அண்ணே, தடமே தெரியக்கூடாது," என்று அவர் உயிரை எடுத்தேன். முடித்துவிட்டு அவர் சுவரைத் தடவிக் காட்டினார். சந்தோஷத்தில் கோப்பிக் காசு வேறு கொடுத்தேன்.

ஒன்றை எடுத்ததும் மற்றதெல்லாம் கண்ணை உறுத்தத் தொடங்கின. நிலைப்படி மஞ்சளை பிளீச் போட்டுத் தேய்த்தேன். கேட்டில் இருந்த ஓம் வடிவத்தை வெட்டி எடுக்கச் சொன்னேன். வீடு பார்க்க ஆள் வரும் நாட்களில் கருவாடு கிடையாது, சாம்பிராணி கிடையாது. ஹால் முழுக்க வெள்ளைப் பெயிண்ட். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீடு ஆபீஸ் மாதிரி இருக்கு," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மூளை என் மூளை.

முதலில் ஒரு சீனத் தம்பதி வந்தார்கள். திசைகாட்டியை வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு, எதிர்ச் சாலை நேராக வீட்டை முட்டுகிறது என்று போய்விட்டார்கள். அடுத்து வந்த மலாய்க் குடும்பத்துக்குச் சமையலறை சின்னது. அந்தச் சுவரை இரண்டு குடும்பமும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஏஜண்ட் தம்பி ஒரு ஜோடியைக் கூட்டி வந்தான். தமிழர்கள். அந்தப் பெண்ணுக்கு என் தங்கை வயது இருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்ததாகவும் இதுதான் அவர்கள் வாங்கப்போகும் முதல் வீடு என்றும் வந்ததுமே சொல்லிவிட்டாள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலைத் திறந்து மூடினாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"சாமி எங்கக்கா வச்சிருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம் அக்கா. எல்லாச் சுவரும் காலி."

அவள் என் கழுத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். வீடு காட்டும் நாளில் நான் திருநீறுகூட வைப்பதில்லை. "நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாக்கா? தப்பா நினைக்காதீங்க, சும்மா கேட்டேன்."

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவள் புருஷனிடம் திரும்பி, "இந்தச் சுவர்ல மேடை கட்டிடலாங்க. கிழக்கு பார்த்து அமையும்," என்று கையை நீட்டினாள். அதே சுவர். அதே இடம்.

பின்பக்கம் பார்க்கப் போனவள் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை என்று நான் விளக்கு ஏற்றியிருந்ததும், அணைக்க மறந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. உள்ளே முருகன், மாரியம்மன், சின்ன அகல் விளக்கு, சோப்புத் தூள் பாக்கெட். மாப்புக் கட்டை சரிந்து முருகன் படத்தின் மேல் சாய்ந்திருந்தது.

அவள் உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தாள். மாப்பை எடுத்து அந்தப் பக்கச் சுவரில் சாத்தினாள். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். "வாரோம் அக்கா," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். வெட்கத்தில் வாசல் வரை போய் வழியனுப்பக்கூட எனக்குக் கால் வரவில்லை.

மறுநாள் தம்பி போன் செய்தான். "அவங்க வேணாம்னுட்டாங்க அக்கா. சாமியையே மறைக்கிறவங்க, கூரை ஒழுகினா சொல்லுவாங்களான்னு கேக்குறாங்க."

எங்கள் கூரை ஒழுகாது. எந்த மழைக்கும் ஒரு சொட்டு விழுந்ததில்லை. அதை இனி யாரிடம் சொல்வது?

இரவு வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "சரி விடு," என்று கை கழுவிவிட்டுப் படுத்தார். விடியும் முன்னே மறுபடி காரை எடுத்துக்கொண்டு கமுந்திங் கிளம்பினார்.

அவர் போனதும் ஸ்டோர் ரூமிலிருந்து முருகன் படத்தை எடுத்து வந்தேன். பழைய இடத்திலேயே, கீழே ஒரு முக்காலி போட்டாவது வைத்துவிடலாம் என்று நினைத்தேன். படத்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவினேன். ஸ்விட்சுக்கு இந்தப் பக்கம் என்பது தெரிகிறது. தூண் எங்கே நின்றது, மேடை எங்கே முடிந்தது, எந்த உயரத்தில் விளக்கு எரிந்தது? இத்தனை வருடம் தினமும் கைகூப்பி நின்ற இடம். கையில் ஒரு மேடு பள்ளம் தட்டுப்படவில்லை. கண்டிராக்டர் நான் கேட்டபடியே செய்து கொடுத்திருந்தார்.