முதல் குடம்

அந்தத் தெருவில் முப்பத்தெட்டு வீடு, ஒரே குழாய். மூன்று நாளைக்கு ஒரு தடவை, மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வரும். முதல் குடம் யாருடையது என்பதில் மட்டும் ஆறு வருஷமாக யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தகரக்காரியுடையது. சந்தேகம் வந்த ஓரிருவருக்கு அவள் அந்த இடத்திலேயே தீர்த்துவைத்தாள்.

பழைய இரும்புக் கடையில் அவளுக்கு வேலை. எண்ணெய் டின், பெயின்ட் டப்பா, துருப்பிடித்த பீப்பாய் என்று வருவதையெல்லாம் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கிக் கட்ட வேண்டும். நாள் முழுக்க அடிக்கிற கை தெருவுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? ஒருத்தியின் விரலைக் குழாயோடு வைத்து நசுக்கியிருக்கிறாள். இன்னொருத்தியின் தலைமுடி கொத்தாக அவள் கையோடு வந்திருக்கிறது. தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர் ஒருநாள் பத்து நிமிஷம் தாமதமாக வந்தார் என்பதற்காகக் கல்லை விட்டெறிந்து அவர் புருவத்தைக் கிழித்தாள். ஐந்து தையல். அவள் புருஷன் சுமை வண்டி ஓட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. வீட்டில் தான் ஒருவன்தான் அடி வாங்குகிறோம் என்று நினைத்திருந்தானாம், இப்போது தெருவுக்கே பங்கு போகிறதாம். கூட்டாளிகளிடம் இப்படிச் சொல்லிச் சிரிப்பான். பாவம், சிரிப்பதை விட்டால் அவனுக்கு வேறு என்ன வழி?

அவளைக் குறை சொல்வது சுலபம். குழாய் ஓடுவதே முக்கால் மணி நேரம்தான், சில நாள் அரை மணியிலேயே மூச்சை விட்டுவிடும். அந்த நாளில் கடைசியில் நிற்பவள் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் மூன்று தடவை அவள் அப்படித் திரும்பியிருக்கிறாள். நான்காம் தடவை குடத்தைச் சுழற்றினாள். அன்றைக்குப் பிடித்த முதல் இடம், அப்புறம் விடவேயில்லை.

முதல் தண்ணீர் கொஞ்சம் பழுப்பாக வரும், லேசாக நாறும். அதைத் துணியில் வடிகட்டிக்கொள்வாள். துரு என்று நினைத்தாள். இரும்பு உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். பத்து வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டியும் கல்லாட்டம் இருக்கிறோமே, அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? "இரும்புத் தண்ணிடா, குடி, தெம்பு வரும்" என்று மூத்த பையனுக்கு அவளே குவளையை வாயில் வைத்து ஊட்டுவாள்.

அந்தப் பையன் இரண்டு வயதில் போய்விட்டான். காலையில் வயிறு போகத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், துணியாகத் துவண்டுபோனான். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டான். கேட்டபோதெல்லாம் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாதி வழியில் உடம்பு சில்லிட்டுவிட்டது. மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவள், நாலாம் நாள் எழுந்து குழாயடிக்குப் போய் முதல் குடத்தைப் பிடித்தாள். அன்றைக்கு ஒருத்தியும் எதிரே நிற்கத் துணியவில்லை.

மிஞ்சியது ஒரே மகள். நாலு வயது, இரண்டு வயதுப் பிள்ளையின் எடை. மாதம் ஒரு தடவை வயிறு போகும். இந்தத் தடவை சுகாதார நிலையத்தில் சேர்த்து, குச்சிக் கையில் ஊசி குத்திக் குளுகோஸ் ஏற்றினார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

தெருக் கோடியில் அவளுடைய நாத்தனார் வீடு. புருஷனின் தங்கை. பயந்த சுபாவம், வரிசையில் எப்போதும் கடைசி. அவள் பிள்ளைகள் இரண்டும் கன்றுக்குட்டிகளாகத் தெருவைச் சுற்றி வரும். பார்க்கப் பார்க்கத் தகரக்காரிக்கு வயிறு எரியும். கடைசியில் சொட்டுகிற தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது? நாத்தனார்தான் கண் வைத்துத் தன் பிள்ளைகளை உருக்குகிறாள் என்றே முடிவுகட்டிவிட்டாள்.

நர்ஸம்மாவுக்கு வேறு சந்தேகம். அந்தத் தெருவிலிருந்து வயிற்றோட்டத்தோடு வருகிற பிள்ளைகள் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள்தான், திரும்பத் திரும்ப. நேரே வந்து இரண்டு சின்னப் பாட்டில் எடுத்தாள். ஒன்றில் தகரக்காரி வீட்டுக் குடத்துத் தண்ணீர், இன்னொன்றில் நாத்தனார் வீட்டுத் தண்ணீர். மலம் கலந்த தண்ணீராக இருந்தால் உள்ளே இருக்கிற காகிதம் கறுத்துவிடும் என்றாள்.

மறுநாள் நாத்தனார் வீட்டுப் பாட்டில் அப்படியே இருந்தது. தகரக்காரியின் பாட்டில் கரியாகக் கறுத்திருந்தது.

அவ்வளவுதான். ஒரே குழாய், ஒரே தண்ணீர். தன் குடத்தில் மட்டும் மலம் எப்படி வரும்? யாரோ கலந்திருக்க வேண்டும். அந்த யாரோ யாரென்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. நாத்தனார் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தாள், முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள், முகத்தில் குத்தினாள். முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. பிள்ளைகள் அலறின. அடுத்த குத்துக்கு ஓங்கிய கையை அந்த வழியாக வந்த வால்வுக்காரர் பின்னாலிருந்து பிடித்தார்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "உங்க குடத்துப் பக்கம் வரவே எனக்குக் கை கால் நடுங்கும் அண்ணி. நான் எப்படிக் கலப்பேன்?"

விஷயம் என்னவென்று கேட்ட வால்வுக்காரர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் புதிதாகத் தெரிய எதுவுமில்லை. "சாக்கடைக் குழாயும் இதுவும் ஒரே பள்ளத்துலதாம்மா போகுது. தண்ணிய நிறுத்துனா குழாய் காலி. காலிக் குழாய் ஓட்டை வழியா பக்கத்துல இருக்கறத உறிஞ்சும். மறுபடி திறந்தா மொதல்ல வர்றது அதுதான். கால் மணி நேரம் ஓடுனா கழுவிக்கிட்டுப் போயிடும்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தகரக்காரி கேட்டாள். அவர் புருவத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். பத்து நிமிஷம் தாமதத்துக்கே இது, கால் மணி நேரத் தண்ணீரைக் கீழே விடு என்று சொல்லியிருந்தால் உயிரோடு விட்டிருப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் வீட்டுக்கு வந்து குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பையனுக்கு ஊட்டிய குவளையை அதன் மேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த தண்ணீர் நாளில் அவள் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். தெருவே வாயைப் பிளந்தது. சுகமில்லையா என்று ஒருத்தி, புத்தி வந்துவிட்டது என்று இன்னொருத்தி. விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் பிள்ளை பிழைத்தால் போதும், மற்றவர்கள் எக்கேடோ கெட்டுப் போகட்டும். ஆறு வருஷம் தன்னை ராட்சசி என்றவர்கள்தானே. அதையேதான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

காலியான முதல் இடத்துக்குப் பெரிய அடிதடி. ஜெயித்தவள் தையல்காரி, சின்னப் பெண். உதடு கிழிந்து ரத்தம் வழிய, இடுப்பில் கைக்குழந்தையோடு குழாயைப் பிடித்தபடி சிரித்தாள். தண்ணீர் வந்தது, பழுப்பாக. குடம் நிறைந்ததும் அவள் ஒரு கை அள்ளிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

தகரக்காரி பாய்ந்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டாள், குடத்தை உதைத்து உருட்டினாள், "பிடிக்காத, பீத்தண்ணி அது" என்று கத்தினாள். யார் நம்புவார்கள்? சொல்கிறவள் யார்? கடைசியில் நின்று நாடகமாடி முதல் இடத்துக்கே வந்துவிட்டாள் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. ஆறு வருஷமாக வாங்கியதையெல்லாம் அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். குடத்தால், செருப்பால், காலால். ஒருத்தி அவள் விரல்களைக் குழாயோடு வைத்து நசுக்கினாள். அவள் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினாள், வந்த குடங்களை எல்லாம் உடம்பால் தள்ளினாள். கடைசியில் பிடியை விடுவித்துச் சேற்றில் தள்ளினார்கள். தையல்காரி உருண்ட குடத்தை எடுத்து மறுபடி குழாயடியில் வைத்தாள்.

தகரக்காரி எழ முடியாமல் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தாள்.

"என்னக் கொன்னுகூடப் போடு. இந்தத் தண்ணிய உன் புள்ளைக்குக் குடுக்காத. என் பையன நான்தான் கொன்னேன். ஓங்களையெல்லாம் அடிச்சி, மொதக் குடம் பிடிச்சி, தெம்பு வரும்னு என் கையால ஊட்டிக் கொன்னேன்."

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. அந்தத் தெரு அவளிடம் எல்லாம் கேட்டிருக்கிறது, வசவு, மிரட்டல், சாபம். அவள் அழுது கேட்டதில்லை. பையன் போன அன்றைக்குக்கூட இல்லை.

தையல்காரி குடத்துக்குள் குனிந்து பார்த்தாள். முகர்ந்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, குடத்தை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள்.

தகரக்காரி சேற்றில் முகம் புதைத்துப் பையனைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கிவிட ஒருத்தியும் வரவில்லை. பழுப்பு போய்த் தெளியும்வரை குழாய் கால் மணி நேரம் ஓடியது, அதனடியில் ஒருத்தியும் குடம் வைக்கவில்லை.