சிவமணி மச்சாளின் அழிறப்பர்

என் மனைவியின் அக்கா சிவமணி மச்சாளுக்கு, மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. எங்கள் வீட்டு வானொலியும் மின்விசிறியும் அவர் கையால் குடல் பிடுங்கப்பட்டவைதான். கொள்ளுப்பிட்டியில் அவர் வேலை செய்த காப்புறுதிக் கந்தோர் பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கழித்துவிட்டபோது, அதை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து எங்கள் ஹோலில் வைத்தார்.

இரண்டாயிரமாம் ஆண்டு. தமிழர் வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸார் பார்க்க வருகிற காலம். ஒரு பின்னேரம் இன்ஸ்பெக்டர் ஒருவர் கொன்ஸ்டபிளோடு உள்ளே வர, அந்த நேரம் பார்த்து மச்சாள் கொம்பியூட்டரைப் போட்டார். திரை இருட்டு. பெட்டிக்குள்ளிருந்து "பீப்... பீப்..." என்று நீளமாகச் சத்தம். குண்டு என்று நினைத்துக் கொன்ஸ்டபிள் வாசலுக்குப் பாய்ந்தார்.

"மொகத்த மே?" இதென்ன என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். ஜீப்பில் ஏற்றிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த காலமில்லை அது.

"மச்சாள், பேசாமல் எழும்பி வாங்கோ," என்றேன்.

"கொஞ்சம் பொறும். மெமரி பிடிக்கேல்லை எண்டுதான் கத்துது. ரெண்டிலை எது பிழை எண்டு பாப்பம்."

அதையே இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, வயரைப் பிடுங்கி மூடியைக் கழற்றினார். உள்ளே சீப்பு மாதிரி இரண்டு மெமரித் துண்டுகள். ஒன்றை மட்டும் விட்டுப் பார்த்தார், பீப். மற்றதை மட்டும் விட்டுப் பார்த்தார், அதுவும் பீப். பற்களில் அழுக்கு என்று கண்டதும் கைப்பையிலிருந்த, பென்சில் அழிக்கிற அழிறப்பரால் ஒன்றை நன்றாகத் தேய்த்துச் செருகினார். திரையில் இலக்கங்கள் விறுவிறுவென்று ஏறின.

"மெமரியை எண்ணிப் பார்க்கிறது," என்று மச்சாள் விளக்க, இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆனாலும் போகும்போது, தேய்க்காத மற்றத் துண்டை விசாரிக்க வேண்டும் என்று கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார்.

அதன்பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே நாங்கள் நடுங்கினோம். மச்சாளோ ஒரு நாள் காலையில் சேலையைச் சரிசெய்துகொண்டு, "பொலிஸுக்குப் போட்டு வாறன்," என்றார்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா?" என் மனைவி பாலேஸ்வரி அழுதே விட்டாள்.

"அதிலை என்ன பிழை எண்டு கண்டுபிடிச்சினமோ தெரியேல்லை. கேக்கத்தானே வேணும்?"

எங்கள் ஆட்கள் யாரும் தாமாக ஏறாத பொலிஸ் நிலையப் படி அது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் தனியே விட மனமில்லாமல் பின்னால் ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் எங்களைக் கண்டதும் மேசை லாச்சியை இழுத்துக் கைக்குட்டையை எடுத்து விரித்தார். துண்டின் பற்கள் பளபளவென்று இருந்தன. லாச்சிக்குள் பாதி தேய்ந்துபோன அழிறப்பர் ஒன்று கிடந்தது.

"இப்போது போட்டுப் பாருங்கள்," என்றார் சிங்களத்தில். "எண்ணுகிறதா என்று எனக்கும் வந்து சொல்லுங்கள்."