மீதியைக் கண்ணாடி பார்த்துக்கும்

கம்ப்யூட்டர் கணக்குப் போடும்போது அவர் நாக்கு சும்மா இருக்காது. வாயை மூடியபடியே, நுனி நாக்கை மேலண்ணத்தின் நடுக்கோட்டில் வைத்துப் பல்லிலிருந்து தொண்டைப் பக்கம் ஒரு தடவை, அங்கிருந்து பல்லுக்கு ஒரு தடவை என்று ஓட்டிக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவருக்குத் தொண்டைக்குழி ஏறி இறங்குவது மட்டும் தெரியும். எதையோ விழுங்குகிறார், அது இறங்க மறுக்கிறது என்று பயந்து, புதிதாக வந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அந்த நடுக்கோடுதான் அவருக்குப் பிழைப்பு. மேல்தாடை ஒரே எலும்பல்ல. இரண்டு எலும்புகள் நடுவில் தைத்த மாதிரி சேர்ந்திருக்கின்றன. தாடை குறுகிப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால், டாக்டர் அண்ணத்தின் குறுக்கே ஒரு கருவியை மாட்டுவார். கருவியின் நடுவில் ஒரு திருகு. தினமும் வீட்டில் யாராவது அதன் துளைக்குள் சின்னச் சாவியை விட்டுக் கால் சுற்று திருப்ப வேண்டும். தையல் விட்டுக்கொடுக்க, தாடை கொஞ்சம் கொஞ்சமாக அகலும். எந்த மண்டை விட்டுக்கொடுக்கும், எது எங்கே முரண்டு பிடிக்கும் என்று கம்ப்யூட்டரில் திருகிப் பார்த்து முன்கூட்டியே சொல்வது இவர் வேலை. ஸ்கேனிலிருந்து எலும்பை எடுத்து, லட்சக்கணக்கான துணுக்குகளாக நறுக்கி, திருகைத் திருப்புவார். நீலம் என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் அந்த இடம் தாங்காது.

லேபில் முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘அரைமண்டை’. அவருக்கும் தெரியும், கோபமில்லை. முழு மண்டையை நறுக்கிக் கணக்குப் போட ஒன்றரை நாள் ஆகும் என்பதால், எப்போதும் இடது பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். கணக்கு முடிந்ததும் ஒரு பொத்தானைத் தட்டினால், அதே பாதி திரும்பி நின்று வலது பாதியாக ஒட்டிக்கொள்ளும். “முழு ஆளு எதுக்குங்க? பாதி போதும். மீதியைக் கண்ணாடி பார்த்துக்கும்” என்பார்.

அவர் அறையில் கொஞ்ச நேரம் தனியாக இருந்து பார்த்தவர்கள் இரண்டாம் தடவை போவதில்லை. மூன்று திரைகளிலும் பாதி மண்டைகள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வெட்டுப்பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது உள்ளே காலியாக ஓர் அறை தெரியும். அறைக்கு ஒரே ஜன்னல், கண்குழி. இவ்வளவு நேரம் அதன் வழியாக யாரோ வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும்.

வெளியே போனாலும் பழக்கம் விடவில்லை. பஸ்ஸில் எதிர் இருக்கைக்காரரின் முகத்தில் பாதியை உள்ளங்கையால் மறைத்துப் பார்ப்பார். “ஒவ்வொருத்தருக்குள்ளயும் ரெண்டு பேர் இருக்காங்க. இடது ஆளு சாது. வலது ஆளை நம்பக் கூடாது” என்று சொல்லிச் சிரிப்பார். ஒரு கல்யாண நாளுக்கு மனைவியின் புகைப்படத்தை எடுத்து, இரண்டு இடதுகளைச் சேர்த்து ஒரு முகமாக்கி, சட்டம் போட்டுப் பரிசளித்தார். அந்த அம்மாள் அதையே வெகுநேரம் பார்த்தார். “யாருங்க இவ? என் கம்மலைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா?” என்று கேட்டுவிட்டு, படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். இன்றுவரை அது அப்படியேதான் இருக்கிறது.

ஸ்கேன்கள் பெயரோடு வராது, எண்ணோடுதான் வரும். நாற்பத்தொன்றாம் எண், பதினேழு வயதுப் பெண். திருகிப் பார்த்ததில் முழுக்க நீலம். ‘இரண்டு பக்கமும் சமமாக விரியும்’ என்று எழுதி அனுப்பினார். டாக்டர் அதை நம்பிக் கருவியை மாட்டிவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து ஒரு மதியம், வேறு ஸ்கேன்களை வாங்க அவர் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு பெண் இடப்பக்கம் தெரிய உட்கார்ந்திருந்தாள். கன்ன எலும்பைப் பார்த்ததுமே யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. தோல் இல்லாமல் பத்து நாள் பார்த்த முகம்! நெடுநாள் தெரிந்தவளைப் பார்த்த மாதிரி தன்னை அறியாமல் புன்னகைத்தார். யாரோ சிரிக்கிறாரே என்று அவள் திரும்பினாள்.

முகத்தின் வலப்பக்கத்தில் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். கன்னம் தடித்து, கண் ஒரு நூல் மேலே ஏறி, மூக்கு லேசாக அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினார்.

லேபில் அவளது முழு ஸ்கேனையும் முதல்முறையாகத் திறந்தார். வலது கன்னத்துக்கு அடியில் எலும்பு தூண் கணக்காகத் தடித்திருந்தது. அந்தப் பக்கம் தாடை நகராது. திருகின் அழுத்தமெல்லாம் தூண் வழியே மேலே ஏறும். அப்போது மணி ஐந்து. ஆறு மணிக்குத்தான் சாவி போடுவார்கள் என்பது டாக்டரின் குறிப்பில் இருந்தது. அப்போதே போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. என்னவென்று சொல்வது, கணக்கு வரட்டும் என்று, அவசரத்துக்கு முழு மண்டையையும் பெரிய துண்டுகளாக நறுக்கி ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடம் ஓடியது. திரையில் வலது கண்குழியின் விளிம்பு சிவந்தது.

ஆஸ்பத்திரியில் போன் நம்பர் வாங்கி அவள் அம்மாவைக் கூப்பிட்டார். “இன்னைக்குத் திருப்பாதீங்கம்மா.”

“இப்பதான் சார் திருப்பினேன். வெளிய போகணும்னு கொஞ்சம் முன்னாடியே…” அந்த அம்மாளின் குரல் இறங்கியது. “கண்ணுக்குக் கீழ டக்குனு ஏதோ கேட்டுச்சாம் சார். எனக்கே கேட்டுச்சு. கத்திட்டா.” பின்னால் அந்தப் பெண் அழுவது கேட்டது. திரையில் மண்டை அதே சிவப்போடு சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் அன்றே திருகைப் பின்னுக்குத் திருப்பிக் கருவியைக் கழற்றிவிட்டார். கண்ணுக்குக் கீழே மெல்லிய கீறல், ஆறிவிடும் என்றார். டாக்டரிடம் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. “பாதிதான் பார்த்தேன். மீதியை நானே போட்டுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் அந்தப் பெண் அம்மாவோடு லேபுக்கு வந்தாள். அம்மா திட்டுவார் என்று அவர் எழுந்து நின்றார். அந்த அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டார். பெண்தான் கேட்டாள்.

“அங்கிள், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒருத்தி செஞ்சீங்களாமே, டாக்டர் சொன்னாரு. அவளைப் பார்க்கணும்.”

திறந்து காட்டினார். தோலையும் போடச் சொன்னாள், போட்டார். ஸ்கேனில் கண்ணை மூடிப் படுத்திருந்த முகம், முடியில்லாமல், இரண்டு இடதுகளோடு, மூச்சில்லாமல் சுற்றியது.

“என்னைவிட நல்லா இருக்கா” என்றாள். “இப்ப திருகுங்க.”

திருகினார். நீலம். இன்னும் என்றாள். கடைசிச் சுற்றுவரை நீலம்தான். மூடிய கண்கள் மூடியபடியே இருந்தன.

“இவளுக்கு வலிக்கவே இல்லையா?”

“இல்லம்மா.”

“நான் கத்தினப்பகூடவா?”

அவர் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பி, “உனக்கு எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டார்.

மவுஸின் மேலிருந்த அவர் கையை எடுத்து, ஆள்காட்டி விரலைத் தன் வலது கண்ணுக்குக் கீழே வைத்தாள். தோலுக்கு அடியில் எலும்பு சூடாக இருந்தது. விரல் வெடுக்கென்று பின்வாங்கியது. பிறகு அவரே கையை நீட்டி, அந்த இடத்தைத் தேடி, மெல்ல வைத்தார்.