ஒரு நாளைக்குப் பதினாலு பன்

பிப்ரவரி 28: வீட்டுச் சாப்பாடு 6,410. வெளிச் சாப்பாடு 4,275. பேக்கரி 3,136. மொத்தம் 13,821.
மார்ச் 31: வீட்டுச் சாப்பாடு 5,120. வெளிச் சாப்பாடு 640. பேக்கரி 896. மொத்தம் 6,656.
ஏப்ரல் 30: வீட்டுச் சாப்பாடு 9,870. வெளிச் சாப்பாடு இல்லை. பேக்கரி 3,248. மொத்தம் 13,118.
மே 31: வீட்டுச் சாப்பாடு 11,345. வெளிச் சாப்பாடு இல்லை. பேக்கரி 3,472. மொத்தம் 14,817.

மார்ச் 9-ஆம் தேதி இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று அவருடைய எடை 148 கிலோ.

லாரி எடைமேடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவர் அவர். ஓட்டுநர்கள் வைத்த பெயர் டன். முகத்துக்கு நேரே என்றால் டன் அண்ணே. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. சரக்கோடு லாரியை நிறுத்தினால் மொத்த எடை, இறக்கிவிட்டு வந்து நிறுத்தினால் காலி எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. உலகத்தில் எல்லாமே இப்படிக் கழித்தால் விடை வந்துவிடும் என்று நம்பிய மனிதர்.

அதனால் டாக்டர், இனி உங்கள் வயிறு பழையதில் கால் பங்குதான் என்று சொன்னதும் டன் மனதுக்குள் நாலால் வகுத்தார். 13,821-இல் கால் பங்கு 3,455 சொச்சம். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம். மயக்க ஊசி போட அழைத்துப்போகும்போது இதை மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"அந்தக் கணக்குல நானும் கால் வயித்துக்குத்தான் சாப்பிடணுமா?" என்று அந்தம்மா கேட்டது அவர் காதில் விழவில்லை. கதவு மூடிவிட்டது.

கழித்தல் எங்கே பிசகியது என்பது ஏப்ரலில் தெரிந்தது. ஒரு வேளைக்கு அரை டம்ளர் அளவுதான் சாப்பாடு. ஆனால் அந்த அரை டம்ளருக்குள் முள்ளில்லாத மீனும், முட்டையின் வெள்ளையும், கொழுப்பெடுத்த தயிரும், வேகவைத்த காய்கறியும் மாறிமாறி வரவேண்டும். நாளைக்கு ஆறு வேளை. புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்று 2,750, பதினெட்டு நாளில் தீர்ந்துவிடும். மீன்காரர் அரை டம்ளர் மீன் வெட்டித் தரமாட்டார். தயிர் பெரிய டப்பாவில்தான் வரும், மூடியைத் திறந்த மூன்றாம் நாள் புளிக்கும். வயிற்றை நிரப்புவது மலிவு, நிரப்பாமல் விடுவதுதான் செலவு என்று டன் கண்டுகொண்டார். இது வீட்டுச் சாப்பாட்டின் கதை. பேக்கரியின் கதை வேறு.

எடைமேடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது அந்த பேக்கரி. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு டன் அங்கே பதினாலு பன் வாங்குவார். நாலைக் கடையிலேயே நின்று முடிப்பார், மீதியை வீட்டில். ஒன்று எட்டு வீதம் 112. பேக்கரிக்காரர் இவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தன் மாவில் ஒரு பூச்சி விழுந்தால் மூட்டையையே கொட்டிவிடுகிற ஆள். அவர் சாயங்காலம் இரண்டாம் முறை அடுப்பு மூட்டுவதே டன்னை நம்பித்தான். இப்படிப்பட்டவரிடம் போய், அண்ணே, இனி பன் சாப்பிடாமல் இருப்பதற்காகவே வயிற்றை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? மார்ச் 8-ஆம் தேதி டன் வாயில் வந்தது, பித்தப்பையில் கல்.

ஏப்ரல் 2-ஆம் தேதி உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். பேக்கரிக்காரர் பொட்டலத்தைக் கட்டி, தயாராக மேசைமேல் வைத்திருந்தார்.

"இருபத்தி நாலு நாளா சாயங்கால அடுப்பு பத்த வைக்கல தம்பி. நீ இல்லாம ஒரு தட்டு நிறையல. இன்னிக்கு நீ வருவேன்னு மனசு சொல்லிச்சு" என்றார்.

டன் 112-ஐ எண்ணி வைத்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. கடையில் நின்று நாலு பன் தின்பதை மட்டும் விட்டுவிட்டார். டாக்டர் நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்பது காரணம். பேக்கரிக்காரர் உடனே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். உட்கார்ந்துகொண்டும் கூடாதாம் என்று சமாளிக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் பதினாலு பன்னையும் மனைவி தின்று பார்த்தார். மே மாதக் கடைசியில் அவருக்கு நாலு கிலோ கூடியிருந்தது. ஆபரேஷன் உங்களுக்கு, வீக்கம் எனக்கா என்று கேட்டவர், இனி இந்தப் பொட்டலம் ராத்திரிகூட வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் பொட்டலம் சைக்கிளிலேயே தொங்கியது. காலையில் டன் அதை எடைமேடைக்கு எடுத்துப்போய் வருகிற ஓட்டுநர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்.

பன் கொடுக்கிற எடைமேடை என்ற செய்தி லாரிகளுக்குள் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாளுக்கு நாற்பது வண்டி வந்த இடத்தில் அறுபத்தொன்று வந்தது. பன்னுக்காக ஆறு கிலோமீட்டர் சுற்றி வந்தவர்கள் உண்டு. எடை போட்டே ஆகவேண்டிய அவசியமில்லாத வண்டிகளும் வரிசையில் நின்றன. முதலாளி டன்னைத் தட்டிக்கொடுத்து மாதம் 150 கூட்டினார். அதில் பதினெட்டு பன் வாங்கலாம், மீதி ஆறு.

இதற்கிடையில் டன் இளைத்துக்கொண்டே போனார். எடைமேடை இருபது கிலோவுக்குக் குறைந்ததைச் சட்டை செய்யாது. அதனால் வெகுநாள் 140 என்று காட்டிவிட்டு ஒரு காலையில் திடீரென்று 120 என்றது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி 100 என்றது. ஓட்டுநர்கள் கூடிப் பேசி அவருக்குக் குவிண்டால் என்று பெயர் மாற்றினார்கள்.

விஷயத்தைக் கிளப்பிவிட்டவர் தெருவில் இருந்த தையல்கார அம்மா. டன்னின் பேன்ட்டுகளை மூன்று முறை பிடித்துக்கொடுத்தவர் அவர்தான். இந்த ஆள் தினம் பதினாலு பன் வாங்குகிறார், இடுப்பு மாதம் இரண்டு அங்குலம் குறைகிறது, இரண்டையும் தன் கண்ணால் பார்த்தேன் என்று தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். செப்டம்பர் முதல் வாரத்தில் ஐந்தரை மணிக்கு பேக்கரி வாசலில் கூட்டம். எல்லோரும் கேட்டது பதினாலு. வாங்கிப்போய்ச் சிரத்தையாகத் தின்றார்கள். எடை ஏறியது. ஏறியவர்கள் வந்து, எனக்குப் பத்துக்குமேல் இறங்கவில்லை, அதனால்தான் கேட்கவில்லை என்று தங்களையே நொந்துகொண்டார்கள்.

வேறொருவராக இருந்தால் விலையை ஏற்றியிருப்பார். பேக்கரிக்காரருக்குத் தூக்கம் போயிற்று. முப்பது வருடமாகத் தன் பன்னைத் தின்று ஒருவரும் இளைத்ததில்லை. நல்ல மாவென்றால் மனிதன் உடம்பில் சதை பிடிக்க வேண்டும். பிப்ரவரியில்தான் மாவுக்கு வேறு ஆலையைப் பிடித்திருந்தார். மார்ச்சில் தம்பி ஆஸ்பத்திரியில் படுத்தான். அன்றிலிருந்து உருகுகிறான். யோசிக்க என்ன இருக்கிறது? மாவில்தான் ஏதோ இருக்கிறது.

உணவு ஆய்வுக்கூடத்துக்கு 1,850 கட்டணம் கட்டி இரண்டு பன் அனுப்பினார். செப்டம்பர் 12-ஆம் தேதி பதில் வந்தது: மாதிரி போதாது, பதினாலு அனுப்பவும். அனுப்பினார். செப்டம்பர் 29-ஆம் தேதி அடுத்த கடிதம்: வந்தவற்றில் ஒன்பதே இருக்கின்றன, மற்ற ஐந்து பற்றி விசாரித்து வருகிறோம், பாதிக்கப்பட்டவர் கையெழுத்துடன் படிவம் தேவை. படிவத்தில் ஒரு கேள்வி, நாள் ஒன்றுக்கு எத்தனை உட்கொண்டீர்?

டன் அதில் பதினாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருடத்தில் எடைச் சீட்டில் ஒரு கிலோகூடப் பொய் எழுதாத கை அது. எழுதும்போது பேக்கரிக்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தோளெலும்பு தட்டுப்பட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்டோபர் 10-ஆம் தேதி மூன்றாவது கடிதம் வந்தது. சோதனை நடக்கிறது, முடிவு வரும்வரை விற்பதும் விற்காததும் உங்கள் மனச்சாட்சி. மறுநாள் கடை மூடிக் கிடந்தது. பதினாலு கேட்டு வந்தவர்கள் ஷட்டரைத் தட்டிப் பார்த்தார்கள். மூன்று நாளில் வேலையாட்கள் இருவரும் வேறிடம் தேடப் போவதாகப் பேச்சு. மாவில் குற்றமில்லை என்று வந்தாலும் இனி அடுப்புப் பக்கம் போகப்போவதில்லை என்று பேக்கரிக்காரர் சொன்னதாகத் தையல்கார அம்மா சொன்னார்.

"நீங்க வாயத் திறக்கலன்னா நானே போய்ச் சொல்லிடுவேன்" என்றார் மனைவி. "ஒரு மனுஷன் முப்பது வருஷக் கடைய உங்க வயித்துக்காக மூடியிருக்காரு. உங்களுக்குத்தான் வயிறே இல்லியே."

அக்டோபர் 14, ஐந்தரை மணி. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முன்பு அதன் கீழே புகுந்து போக டன்னால் முடிந்திருக்காது. உள்ளே பேக்கரிக்காரர் காலித் தட்டுகளுக்கு நடுவே அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க மாவுல ஒண்ணுமில்ல. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். வயித்தச் சுருக்கிட்டாங்க. அதுலதான் இளைச்சேன்."

பேக்கரிக்காரர் நம்பவில்லை. "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. உன் குணம் எனக்குத் தெரியாதா?"

டன் சட்டையைத் தூக்கி ஐந்து சின்னத் தழும்புகளைக் காட்டினார்.

"அது பித்தப்பைக் கல்லு எடுத்தது. நீதானே சொன்ன."

கடைசியில் டன், ஒரு பன் கொடுங்கள், உங்கள் கண்முன்னால் தின்று காட்டுகிறேன், எத்தனை இறங்குகிறது என்று நீங்களே பாருங்கள் என்றார். கடையில் பன் ஏது? பேக்கரிக்காரர் எழுந்து அடுப்பை மூட்டினார். மாவு பிசைந்து, பொங்கவிட்டு, சுட்டெடுக்க இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அவருக்குப் பதினாலுக்குக் குறைவாகப் போடவும் கை வரவில்லை.

முதல் வாய் நன்றாக இருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு சுடச்சுட. இரண்டாவது வாயும் இறங்கியது. கால் பன் ஆனதும் டன்னுக்கு நெற்றியில் வியர்த்தது. மேசையைப் பிடித்துக்கொண்டார். பேக்கரிக்காரர் ஓடிவந்து நாற்காலியைத் தள்ளிக்கொடுத்து, மிச்சம் முக்கால் பன்னைக் கையில் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

"அப்ப நான் குடுத்ததெல்லாம்?"

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள், 2,688 பன். ஒன்றையும் தான் தின்னவில்லை என்றும், மே வரை மனைவி, பிறகு லாரி ஓட்டுநர்கள் என்றும் டன் சொன்னார். பேக்கரிக்காரர் கோபப்படுவார் என்று தயாராக இருந்தார். கோபம் வந்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து.

"எத்தன மணிக்குக் குடுப்ப?"

"காலைல ஏழுக்கு."

"சாயங்காலம் அஞ்சரைக்கு எடுத்த பன்ன, ராத்திரி பூரா சைக்கிள்ல தொங்கவிட்டு, காலைல ஏழு மணிக்கா?" "பொய் சொன்னியே, அத விடு. ஆறிப்போன பன்ன என் பேரச் சொல்லி ஊர்க்காரனுக்குக் குடுத்திருக்கியே தம்பி. அவன் என்ன நெனச்சிருப்பான்?"

"நல்லாருக்குன்னுதாண்ணே சொன்னாங்க."

"ஆறினதையே நல்லாருக்குன்னானா?"

கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு பதினாலு பன்னுக்கு 112 வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, நாளையிலிருந்து ஒரு பன்கூட உனக்குக் கிடையாது, போய்ப் படு என்றார்.

16-ஆம் தேதி காலை ஆறே முக்காலுக்கு எடைமேடை வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. மேலே துணி போர்த்திய நாலு தட்டு, ஆவி பறக்க. ஓட்டுநர்கள் ஒன்றுக்கு எட்டு ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். ஓசியில் தின்றவன்கூட, இதுதான் பன், இத்தனை நாள் நீ கொடுத்தது என்ன என்று டன்னைக் கேட்டான். பேக்கரிக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். சாயங்கால அடுப்பு காலை அடுப்பாயிற்று. வேலையாட்கள் இருவரும் திரும்பினார்கள். கடை வாசலில், இந்தப் பன் உடம்பைக் குறைக்காது என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தார். அவ்வளவு உறுதியாக மறுக்கிறார் என்றால் உள்ளே விஷயம் இருக்கிறது என்று கூட்டம் இன்னும் இரண்டு வாரம் கூடியது.

டன் ஐந்தரைக்கு இப்போதும் போகிறார். நாற்காலியில் அரைமணி உட்காருகிறார். ஒன்றும் வாங்குவதில்லை. தன் டப்பாவிலிருந்து வேகவைத்த காய்கறியை ஒவ்வொரு துண்டாக மெல்லுவார். பேக்கரிக்காரர் அதைப் பார்க்கச் சகிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவார்.

நவம்பர் 6-ஆம் தேதி ஆய்வுக்கூடத்திலிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது. மாவு சுத்தமானது. இத்தகைய பன்னை நாளைக்குப் பதினாலு வீதம் உண்பவர் மாதம் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் பெருப்பார். ஆகவே படிவத்தில் கையெழுத்திட்டவர் அவற்றை உண்ணவில்லை என்றே கருதுகிறோம். காணாமல் போன ஐந்து பன்களுக்காக வருந்துகிறோம், அவை மிகவும் நன்றாக இருந்தன. பேக்கரிக்காரர் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

"ஆயிரத்து எண்ணூத்தம்பது" என்றார். "ஏப்ரல்லயே நீ சும்மா சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்துச்சுண்ணே."

"எனக்கும்தான்" என்றார் அவர்.