சாம்பல் சட்டைக்கு வாலாட்டும் நாய்

நாயை வாடகைக்கு விடும் தொழிலில் நாய் ஒருமுறைதான் கடிக்கும். மிச்சத்தை மனிதர்கள் கடிப்பார்கள்.

வீடு மண்ணூரில். முப்பது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டினேன். கண் மங்கியது, இறங்கு என்றார்கள். வீட்டில் சும்மா உட்கார வரவில்லை. நாலு நாய் வளர்த்து, ஒரகடம் பக்கம் குடோன், காலி மனை என்று காவலுக்கு விட்டேன். சோறு, ஊசி, குளியல் எல்லாம் என் பொறுப்பு. கடித்தால் யார் பொறுப்பு என்று வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நாய் வைத்திருக்கிற உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? குட்டியைத் தூக்கி வரும்போது அந்தக் கேள்வி கூட வராது. முதல் கடிக்குப் பிறகு தனியாக வந்து வாசலில் நிற்கும்.

நாலில் கெட்டிக்காரன் சோடா. கோதுமை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். தும்மினால் சோடா பாட்டில் திறந்த சத்தம். அதனால் அந்தப் பெயர். அதை ஒரகடத்தில் கார் உதிரிபாகம் அடுக்கி வைக்கிற ஒரு குடோனில் விட்டிருந்தேன்.

போர்டு

குடோன் மேனேஜருக்கு நாற்பது வயது இருக்கும். காதில் எப்போதும் போன். ‘நாய் ஜாக்கிரதை’ என்று போர்டு மாட்டுங்கள் என்றேன். “போர்டு வெச்சா திருடன் உஷாராயிடுவான் பெரியவரே” என்றார். திருடன் உஷாரானால் நல்லதுதானே, வராமல் போவான் என்றேன். அவருக்கு அதற்குள் போன் வந்துவிட்டது.

மறுவாரம் மின்சார மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். மீட்டர் பின்பக்கம். பின்பக்கம் சோடாவின் ராஜ்யம். கடி சதையில் படவில்லை, பேன்ட்டோடு போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மீட்டர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். “நாய் இருக்கும்னு தெரியாதா?” என்று மேனேஜர் அவரையே அதட்டினார். அந்த மனுஷன் கிழிந்த பேன்ட்டைக் கையில் பிடித்தபடி நிதானமாகச் சொன்னார்: “எனக்குப் படிக்கத் தெரியும் சார். படிக்கத்தான் நீங்க ஒண்ணும் எழுதி வைக்கலியே.”

அன்று சாயங்காலமே போர்டு வந்தது.

முதலாளி

சோடாவுக்கு நான் கொடுத்த பயிற்சி ஒன்றுதான். அந்தக் குடோனில் வேலை செய்பவர்கள் அத்தனை பேருக்கும் சாம்பல் நிறச் சட்டை. பழைய சட்டை ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் சோறு வைப்பேன். வேறு நிறச் சட்டையில் ஒரு ஆளை வரச் சொல்லி, தூரத்தில் பார்த்ததுமே பாயப் பழக்கினேன். ஒரே மாதம். சாம்பல் என்றால் வாலாட்டும், மற்றதென்றால் பாயும். நாய்க்கு மோப்பம் இருக்கிறதே, ஆளைத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மோந்து பார்க்கும் வரை காத்திருந்தால் திருடன் ஓடிவிடுவான் என்று, அதற்கு முன்பே பாயச் சொல்லிக் கொடுத்தது நான். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து முதலாளி வந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. ஆள் பின்பக்கம் போனதுதான் தெரியும். அடுக்கி வைத்த மரப்பலகைகளின் உச்சியில் ஏறி நின்றார். கீழே சோடா. சுற்றிலும் சாம்பல் சட்டைக்காரர்கள், சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல். மேலேயிருந்து அவர் கத்தினார்: “யோவ், நான்தான் மொதலாளின்னு அதுக்கு யாராச்சும் சொல்லுங்கய்யா!”

பட்டா

குடோனுக்குப் பக்கத்துக் காலி மனையும் அதே கம்பெனியுடையது. சுற்றிலும் கம்பி வேலி. அங்கே என் இன்னொரு நாய். ஒருநாள் கன்னியம்மா என்கிற அம்மாள் வேலியைத் தூக்கிப் பிடித்து ஏழு ஆடுகளை உள்ளே விட்டு, தானும் நுழைந்துவிட்டாள். நாய் குரைத்துக்கொண்டு போனது. அவள் கையிலிருந்த கழியால் அதன் மூக்கில் ஒன்று வைத்தாள். அது திரும்பி வந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. காவல் நாய்!

வேலி போட்ட இடத்தில் நுழையலாமா, கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அந்த அம்மாளின் மாமனார் விற்ற நிலம் அது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கழியை ஊன்றிக்கொண்டு நின்றாள். “நாப்பது வருசமா நான் நாத்து நட்ட இடம். உன் நாயி வந்து நாலு மாசம் ஆவல. யாரு யாரை இன்னான்னு கேக்கறது? நானு உன் நாயிக்குப் பட்டா காட்டிட்டு உள்ள வரணுமா?”

சுவர்

இசக்கிமுத்து தென்காசிப் பக்கம். குடோனில் சுமை ஏற்றும் ஒப்பந்த வேலை. டீ நேரத்தில் தன் பிஸ்கட்டில் பாதி சோடாவுக்கு. எழுபது வயதில் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள். பதினோரு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது. அடையாள அட்டையையும் இரண்டு சாம்பல் சட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ் ஃபைல் மட்டும் பின்பக்கத்து லாக்கரில் தங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து அதை வாங்க வந்தான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறைமலை நகரில் அவனுக்கு நேர்முகத் தேர்வு. சான்றிதழ் இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

கேட்டில் வேலு என்கிற காவலாளி. அட்டை இல்லாதவனை உள்ளே விட்டால் அவன் வேலைக்கு ஆபத்து. மேனேஜருக்கு வேலுவே நாலு தடவை போன் போட்டிருக்கிறான். எடுக்கவில்லை. இசக்கி ஒரு மணிநேரம் வெயிலில் நின்றான். பிறகு பின்னால் போய்ச் சுவர் ஏறினான். பட்டப்பகல், இரண்டு மணி, ஷிஃப்ட் மாறுகிற நேரம். அவன் உடம்பில் சொந்தச் சட்டை, சிவப்புக் கட்டம் போட்டது.

நான் சோற்றுத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே வந்தேன். அவன் குதித்ததும் சோடா பாய்ந்ததும் ஒன்றாக நடந்தது. கெண்டைக்காலில் நல்ல கடி. கடித்த பிறகுதான் மோந்தது. உடனே விட்டது, பின்வாங்கியது, வாலைக் கவட்டிக்குள் சுருட்டிக்கொண்டு முனகியது. அவன் ரத்தத்தைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தான். “ஏலே சோடா… நான்தாம்ல!”

தெரு நாய்

குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் காலைக் கால்மணி நேரம் கழுவினேன். நாய்க்கடிக்கு முதல் வைத்தியம் அதுதான், மஞ்சளும் சுண்ணாம்பும் இல்லை. வண்டி பிடித்து ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியில் மேனேஜரின் போன். இப்போது மட்டும் கிடைத்தது அவருக்கு நேரம். “தெரு நாய்னு எழுதச் சொல்லிடு பெரியவரே. யாருக்கும் தொல்லை இல்ல.”

நர்ஸ் கேட்டார், வீட்டு நாயா, தெரு நாயா? நான் வாய் திறப்பதற்குள் இசக்கி முந்திக்கொண்டான். “தெரு நாய்தான் சிஸ்டர். ரோட்டுல வச்சுக் கடிச்சிட்டு.” எனக்காகச் சொன்னானா, சோடாவுக்காகவா, சுவர் ஏறியதை மறைக்கவா, தெரியாது. சும்மா இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பையிலிருந்து சோடாவின் தடுப்பூசி அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். என் நாய், பெயர் சோடா, வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கிறேன், பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கிறேன், இவனுக்கு எத்தனை ஊசியோ அத்தனைக்கும் நானே கூட்டி வருகிறேன் என்றேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஊர்ல கடிக்கிற நாயி எல்லாமே தெரு நாயிதான் பெரியவரே. இன்னிக்குத்தான் ஒண்ணுக்கு வூடு கீதுன்னு தெரியுது.”

கையெழுத்து

இசக்கியை அவன் அறையில் இறக்கிவிட்டு ஐந்து மணிக்குக் குடோனுக்குத் திரும்பினேன். ஃபைல் இன்னும் உள்ளேதான் இருந்தது. மேனேஜர் ஒரு காகிதம் நீட்டினார். திருடும் நோக்கத்தோடு சுவர் ஏறிக் குதித்த ஆளைக் காவல் நாய் பிடித்தது, அதற்கு நான் சாட்சி. கீழே கையெழுத்துப் போட இடம்.

“எதைத் திருட வந்தான்?” என்றேன்.

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். அவனோட சர்ட்டிபிகேட்டை.”

“இன்னாய்யா நீ. சுவரேறிக் குதிச்சவனுக்கு வக்காலத்து வாங்கற? கையெழுத்துப் போட்டா நீயும் தப்பிச்ச, நாயும் தப்பிச்சுது.”

“சுவர் ஏறினது அவன் தப்பு. அதை அவன்கிட்ட கேளு. கடிச்சது என் நாய். அதை என்கிட்ட கேளு. ரெண்டையும் ஒரே காயிதத்துல போட்டுக் குழப்பாத.”

“அப்ப நாயைக் கூட்டினு கெளம்பு. நாளையிலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“கெளம்பறேன். ஃபைலைக் குடு.”

கொடுக்க முடியாது, போலீஸில் கொடுக்கப் போகிறேன் என்றார். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. கேட்டில் இருந்த வேலு, கூப்பிடாமலே உள்ளே வந்தான். நாலு தடவை போன் போட்டும் மேனேஜர் எடுக்காததை அவனால் விழுங்க முடியவில்லை போலும். லாக்கர் சாவிக்கொத்து மேனேஜரின் மேஜை மேல் கிடந்தது. அதைப் பார்த்தபடியே பேசினான். அவனும் சாம்பல் சட்டை, மேனேஜரும் சாம்பல் சட்டை. “சார், இசக்கி சட்டையைப் போன வாரம் வாங்கினாங்க. நம்ம சட்டையையும் ஒரு நாளு வாங்கிக்குவாங்க சார். அன்னிக்கு நாம இன்னாத்தயாவது மறந்து வெச்சுட்டுப் போனா, எந்தப் பக்கமா வர்றது?”

மேனேஜர் தன் சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனி பெயரை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். போன் அடித்தது. எடுக்கவில்லை. சாவியை வேலு பக்கம் தள்ளினார். ஐந்து நிமிஷத்தில் ஃபைல் என் கையில். இருட்டுவதற்குள் இசக்கியின் அறையில் கொடுத்துவிட்டு, மனையில் இருந்த நாயையும் அவிழ்த்துக்கொண்டு சோடாவோடு மண்ணூர் போய்ச் சேர்ந்தேன்.

நீலம்

மறுநாள் அவன் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு போனான். வேலை கிடைத்தது. கால் என்ன ஆயிற்று என்று கேட்டார்களாம், நண்பன் கடித்துவிட்டான் என்றானாம்.

பத்து நாளும் சோடா சங்கிலியில் கிடந்தது. நன்றாகத் தின்றது, ஒரு குறையும் இல்லை. அந்தப் பழைய சாம்பல் சட்டையைத் தரை துடைக்கப் போட்டேன். மிச்ச இரண்டு வாடிக்கையாளர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டேன்: பகலில் நாய் சங்கிலியில்தான் இருக்கும், போர்டு கட்டாயம், சட்டை பார்த்துப் பாயும் வித்தை இனி கிடையாது. ஒருவர், அப்புறம் அது எதற்கு நாய், ஆடு வாங்கி விடுகிறேன் என்று நிறுத்திக்கொண்டார். நல்லது.

கடைசி ஊசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இசக்கி வீட்டுக்கு வந்தான். புதுக் கம்பெனிச் சட்டை, பளிச்சென்று நீலம். சோடா எழுந்து நின்றது. அவன் ஒரே தாவில் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். “மோந்து பாருடா” என்றேன் சோடாவிடம். அதற்கு அந்த வார்த்தை புதுசு. இரண்டு எட்டு வைத்து நின்றது, மறுபடி என்னைப் பார்த்தது. நான் இடத்தை விட்டு அசையவில்லை. மெதுவாக வந்து, அவன் காலில் கட்டு இருந்த இடத்தில் மூக்கை வைத்தது. வெகுநேரம் மோந்தது. பிறகு சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு தும்மல். இசக்கி பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்தான். “அண்ணாச்சி, இந்த ஒப்பந்தமும் பதினோரு மாசந்தான். அடுத்த சட்டை என்ன கலர்னு மொதல்ல இவங்கிட்டதான் வந்து காட்டணும் போல.”

கடித்தது சோடா, சுவர் ஏறியது இசக்கி. மோந்து பார்க்கும் முன் பாயச் சொல்லிக்கொடுத்த ஆளுக்குத்தான் இதுவரை யாரும் சங்கிலி போடவில்லை.